தொண்டையில் வைத்த உள்ளங்கை

என் மகள் ப்ளஸ் டூ பரீட்சை எழுதி முடித்த கோடையில், எங்கள் பகுதிக்கு வந்துபோகும் சிறப்பாசிரியை எங்களைப் போன்ற பெற்றோர்களை ஒரு வகுப்பறையில் கூட்டிவைத்துப் பேசினார். காது கேளாத பிள்ளைகளையும் கண் தெரியாத பிள்ளைகளையும் பெற்ற ஏழெட்டுப் பேர், சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகளைக் கல்லூரிக்கு எப்படித் தயார் செய்து அனுப்புவது என்பதுதான் பேச்சு. எந்தச் சான்றிதழ் வேண்டும், எந்த விடுதி நல்லது என்றெல்லாம் சொல்வார் என்று நான் ஆவலாகப் போயிருந்தேன். அவர் எடுத்த எடுப்பிலேயே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா, இந்த ரெண்டு மாசமும் நீங்க வாயைத் திறக்காம இருந்தாலே போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பிறந்ததிலிருந்தே காது கேளாத பிள்ளைக்கு நான்தான் இத்தனை வருஷமும் வாயாக இருந்திருக்கிறேன். டாக்டரிடம் வயிற்று வலி என்று சொன்னது நான், தையல்காரரிடம் கை இறுக்கமாக இருக்கிறது என்று சண்டை போட்டது நான். அதைப் பாராட்டுவார் என்று பார்த்தால், இப்படிப் போட்டு உடைக்கிறாரே என்று இருந்தது.

"மருந்துக் கடையில அவளே கேக்கட்டும். போன்ல டைப் பண்ணிக் காட்டட்டும். தப்பா வாங்கிட்டு வந்தா அவளே போய்த் திருப்பிக் குடுக்கட்டும். நீங்க கூட நின்னா கடைக்காரர் உங்க மூஞ்சியத்தான் பாப்பாரு, அவ மூஞ்சியப் பாக்க மாட்டாரு."

அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் டமார் டமார் என்று வைத்தேன். கேட்க வேண்டிய மகளுக்கு அதுவும் கேட்காது.

எங்கள் வீட்டுப் பேச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் சின்னவளாக இருந்தபோது ஒரு பயிற்சி மையத்தில் என்னையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளையின் உள்ளங்கையை எடுத்து என் தொண்டையில் வைத்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று நான் சொல்ல வேண்டும். தொண்டை அதிர்வதைக் கையில் உணர்ந்து அவளும் அதேபோல் தன் தொண்டையை அதிரவைக்க வேண்டும். மாதக்கணக்கில் சொன்னேன். அவளிடமிருந்து ஒரு மாதிரியான சத்தம் வந்தது. எனக்கு அது அமிர்தமாக இருந்தது. ஆனால் கடைத்தெருவில் அவள் அப்படிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். கொஞ்சம் வளர்ந்ததும் அந்தச் சத்தத்தை அவளாகவே நிறுத்திக்கொண்டாள்.

கை மட்டும் நின்றுபோகவில்லை. என்னைக் கூப்பிட வேண்டும் என்றால் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொள்வாள். அதுதான் அவளுக்கு அம்மா. யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. உலகத்தில் வேறு எந்தப் பிள்ளையும் தன் அம்மாவை அப்படிக் கூப்பிட்டிருக்காது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது.

அவளுடைய அத்தாவுக்கு வேறு கை. என் கணவருக்குத் தோல் மண்டி. ஆட்டுத் தோல் வாங்கி, உப்புப் போட்டு அடுக்கி, தோல் பதனிடும் ஷாப்புக்குப் போட்டுவிடுவார். என்னதான் சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்த வாசனை சட்டையோடு வீட்டுக்குள் வந்துவிடும். அதனால் அத்தா என்றால் அவள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். பக்ரீத் என்றால் இரண்டு விரலைக் கொம்பாக வைத்து, உடனே மூக்கைப் பிடிப்பாள். அந்த நாட்களில்தான் மண்டியில் தோல் மலையாகக் குவியும். டீ என்றால் இரண்டு கையையும் நீட்டி ஆற்றிக் காட்டுவது. கரண்ட் போய்விட்டால் கண்ணின் மேல் கையை மூடுவது. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஒரு குடும்பம் நடத்தத் தேவையான அத்தனையும் எங்கள் கையில் இருந்தது. சண்டை போடவும் இருந்தது. இந்தப் பேச்சு உலகத்தில் மூன்றே பேருக்குத்தான் தெரியும்.

டீச்சர் சொன்னபடி வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தோம். மருந்துக் கடைக்கு அவளே போனாள். தலைவலித் தைலம் கேட்டு இருமல் மருந்தோடு வந்தாள், திரும்பப் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்து பஸ். செம்பட்டியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு அவள் தனியாகப் போய் வர வேண்டும் என்று டீச்சர் சொன்னார். எங்கள் திண்டுக்கல்லுக்குச் செம்பட்டி ஒன்றும் சீமை இல்லை. ஆனால் பின்னால் வரும் லாரியின் ஹாரன் அவளுக்குக் கேட்காது. இறங்கும் இடத்தைக் கண்டக்டர் கத்தினாலும் கேட்காது. எனக்குத் தூக்கம் போயிற்று.

அப்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்புத்தான் வருகிறது. எங்கள் வீட்டில் புர்கா உண்டு, முகத்தை மூடும் வழக்கம் கிடையாது. அடுத்த வீட்டுப் பெண்ணிடம் முகத்திரை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் மகளை ஏற்றிவிட்டுப் போவதுபோலப் போய், கழிப்பறைப் பக்கம் நின்று முகத்தை மூடிக்கொண்டு, அதே பஸ்ஸின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. பெற்ற மகளை வேவு பார்க்க முகத்திரை போட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கண்டக்டர் அவளிடம் வந்தார்.

"எங்கம்மா போவணும்?"

அவள் போனில் டைப் செய்து வைத்திருந்ததை நீட்டினாள். அவர் குனிந்து படித்துவிட்டு, அவள் முகத்தை ஒருமுறை பார்த்து, மகளிருக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவ்வளவுதான். செம்பட்டி வந்ததும் அவர் கத்தவில்லை. அவள் சீட்டுக்கு முன்னால் வந்து நின்று கையைக் காட்டினார். நான் இத்தனை வருஷமும் பயந்த காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று எனக்கு சந்தோஷம் வரவில்லை. ஏமாந்துபோன மாதிரி இருந்தது.

நானும் இறங்கினேன். நாலு எட்டு வைத்திருப்பாள், சட்டென்று திரும்பினாள். நேராக என்னிடம் வந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கீழே குனிந்து என் காலைப் பார்த்தாள். என் செருப்பின் வார் அறுந்ததற்கு என் கணவர் மண்டியிலிருந்து ஒரு தோல் துண்டைக் கொண்டுவந்து ஒட்டுப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த ஒட்டு என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அவள் உள்ளங்கையைத் தொண்டையில் வைத்தாள். பிறகு எதிரே நின்ற திண்டுக்கல் பஸ்ஸைக் காட்டினாள். சிரிக்கவே இல்லை. நீ போ, நான் போய்க்கொள்கிறேன் என்று அர்த்தம்.

நான் ஏறிக்கொண்டேன். பஸ் கிளம்புவதற்குள் அக்கா போன் செய்துவிட்டாள்.

"ஏண்டி, புள்ள வந்து சேந்துட்டா. வந்ததுலேருந்து செருப்பக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறா. என்னடி கூத்து இது?"

அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். முகத்திரைக்குள் அழுவதில் ஒரு வசதி, பக்கத்து சீட்டுக்காரிக்குத் தெரியாது.

சென்னையில் ஒரு கல்லூரியில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று தனியாக பி.காம் வகுப்பு இருந்தது. இடம் கிடைத்தது. நானும் என் கணவருமாகக் கொண்டுபோய் விட்டோம். முதல் நாள் ஹாலில் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் வந்த பிள்ளைகள். ஒரு சத்தம் இல்லை. ஆனால் அத்தனை கைகளும் பறந்தன. எல்லோருக்கும் பொதுவான சைகை மொழி அது. சின்ன வயதிலிருந்தே அதற்கென்று உள்ள பள்ளிகளில் தங்கிப் படித்த பிள்ளைகள் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், ஒருவரையொருவர் கிண்டல் செய்கிறார்கள். என் மகள் சுவரோரமாக என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காது கேட்கிற பிள்ளைகளோடு உள்ளூரில் படித்தவளுக்கு அந்த மொழி தெரியாது. எங்கள் ஊர் டீச்சருக்கும் அது அரைகுறைதான். எழுத்தும் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதும்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். தன்னைப் போன்றவர்கள் நடுவிலும் என் பிள்ளை தனியாக நின்றதைப் பார்த்தபோது, பஸ் ஏறப் பழக்கிய நாங்கள் இதற்குப் பழக்காமல் விட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

முதல் மாதம் தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வருவாள். தொண்டையில் கை வைப்பாள், அழுவாள். யாரோ அவளிடம் உன் அத்தா எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். இவள் வழக்கம்போல மூக்கைப் பிடித்துக் காட்டியிருக்கிறாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே யாரிடமும் கையைத் திறப்பதில்லை. வகுப்பு முடிந்தால் அறை, அறைக்கு வந்தால் போன். போனில் நான். ஒரு நாள் வாட்ஸப்பில் எழுதினாள்: "அம்மா நான் வீடு வர. இங்கே கை எல்லாம் வேகம். எனக்கு நீ போதும்."

அதைப் படித்ததும் அடுத்த ரயிலில் போய்க் கூட்டி வந்துவிடலாம் என்று கிளம்பினேன். என் கணவரும் சட்டையை மாட்டிக்கொண்டார். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று டீச்சருக்குப் போன் போட்டேன். அவள் எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அவ உங்ககிட்ட மட்டும்தான் கையத் தொறக்குறா. நாள் பூராத் தேக்கி வச்சுட்டு சாயங்காலம் உங்ககிட்ட வந்து கொட்டுறா. நீங்க இருக்குறவரைக்கும் அவளுக்கு அங்க ஒரு பேச்சும் வேண்டியிருக்காது."

"அதுக்கு என்னைய என்ன செய்யச் சொல்றீங்க?"

"வீட்டுக் கையைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுங்க. அங்க உள்ளத நீங்களும் கத்துக்கிட்டு அதுலயே பேசுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். பிள்ளை பெற்று வளர்த்தவளா இவள், எவ்வளவு லேசாகச் சொல்கிறாள் என்று திட்டினேன். வாயை மூடு என்றாள், மூடினேன். இப்போது கையையும் கட்டிக்கொள் என்கிறாள். இரண்டு மூன்று நாள் அந்தக் கோபத்திலேயே போனது. ஆனால் சென்னைக்கும் போகவில்லை. கூட்டிவந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் என் பக்கத்திலேயே இருப்பாள், நான் இருக்கும்வரை. அதற்கப்புறம் யார் கையைப் பார்த்து அவள் பேசுவாள்?

போனில் சைகை மொழி சொல்லித் தரும் வீடியோக்கள் இருந்தன. அடுப்பில் உலையை வைத்துக்கொண்டு பார்த்தேன். அம்மா என்றால் ஆட்காட்டி விரலால் மூக்கின் பக்கவாட்டில், மூக்குத்தி குத்தும் இடத்தைத் தொட வேண்டும். எனக்கு மூக்கே குத்தவில்லை. அப்பா என்றால் மீசையை முறுக்குவது. என் கணவர் தாடி வைத்து மீசையை மழித்தவர்.

"இல்லாத மீசைய எங்குட்டுப் போயி முறுக்குறது? நான் மாட்டேன்ப்பா. எம் புள்ளைக்கு நான் நாத்தம் புடிச்ச அத்தாதான்" என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவள் அழைத்தாள். உள்ளங்கையைத் தொண்டையில் வைத்தாள். நான் வேறெங்கோ பார்ப்பதுபோல இருந்தேன். அவள் மறுபடியும் வைத்தாள். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, என் மூக்கின் ஓரத்தைத் தொட்டேன். அவளுக்குப் புரியவில்லை. சிரித்தாள். திரும்பவும் தொண்டையில் கை. நான் திரும்பவும் மூக்கைத் தொட்டேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை அந்தச் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூப்பிடக் கூப்பிடக் கதவைத் திறக்காத வீட்டின் முன்னால் நிற்கிற பிள்ளையின் முகம். கடைசியாக இரண்டு கையையும் தொண்டையில் வைத்து அழுத்தினாள். நான் மூக்கில் வைத்த விரலை எடுக்கவில்லை. அழைப்பு அறுந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் கூப்பிடவில்லை. வெஞ்சனம் வைக்கவும் மனமில்லாமல் வெறும் ரசத்தோடு நாட்கள் போயின. என் கணவரும் அதையே சாப்பிட்டு எழுந்து போவார். வெள்ளிக்கிழமை மதியம் போன் வந்தது. மகள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களிடம் என்னைக் காட்டி, விரலால் மூக்கின் ஓரத்தைத் தொட்டாள். அம்மா என்று அறிமுகம் செய்கிறாள். அவர்கள் எனக்கு சலாம் சொன்னார்கள். நான் கும்பிட்டேன், சிரித்தேன். போனை வைத்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். டீச்சருக்குப் போன் செய்து நல்ல செய்தியைச் சொன்னேன். அவரும் அழுதார் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் வளர்ந்த வேகத்தை என்னால் எட்ட முடியவில்லை. நான் வீடியோ பார்த்துப் பத்து வார்த்தை கற்றுக்கொள்வதற்குள் அவள் எங்கேயோ போயிருந்தாள். வீடியோ காலில் எனக்காக மெதுவாகப் பேசுவாள், பாலர் வகுப்புப் பிள்ளையிடம் பேசுவதுபோல. முன்பெல்லாம் அவளுடைய ஒரு புருவ அசைவில் பாதிக் கதை எனக்குத் தெரிந்துவிடும். இப்போது அவள் சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்லி நச்சரிக்கும் ஆளாகிவிட்டேன்.

இந்த மே மாத விடுமுறைக்கு வந்திருந்தாள். நத்தத்திலிருந்து அவளோடு படிக்கும் பெண் ஒருத்தி ஒரு பை நிறைய மாம்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு நாள் இருந்தாள். இரண்டு பேரும் அடுப்படி மேடைப் பக்கம் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். மாம்பழச் சாறு முழங்கை வரை வழிய, கழுவக்கூடத் தோன்றாமல் பேச்சு. என் மகள் இவ்வளவு வாயாடி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. ஒன்றும் விளங்கவில்லை. நான் டீயை நீட்டியபோது இருவரும் ஒரு நொடி நிறுத்தி, வாங்கிக்கொண்டு, மறுபடி தொடங்கினார்கள்.

நடுவில் அந்தப் பெண் தன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். திரையில் அம்மா வந்ததும் மூக்கின் ஓரத்தைத் தொட்டாள். என் மகள் என்னைக் கூப்பிடத் தொடும் அதே இடம். எங்கள் இருவருக்கும் ஒரே பெயர்.

பிறகு என் மகள் அவளுக்கு ஏதோ ஒரு கதை சொன்னாள். என்னைக் கையால் காட்டினாள். தரையிலிருந்து ஒரு முழ உயரம் காட்டினாள், சின்ன வயதில் என்று அர்த்தம். பிறகு உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக் காட்டினாள். அந்தப் பெண் கண்ணை விரித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல பிள்ளை, கேலிச் சிரிப்பு இல்லை. சின்ன வயதுப் போட்டோவைப் பார்த்துச் சிரிப்போமே, அந்த மாதிரி. என் மகளும் சிரித்தாள். பிறகு வேறு கதைக்குப் போய்விட்டார்கள். நான் கொல்லைப் பக்கம் போய்க் காயாத துணியை எல்லாம் கொடியிலிருந்து எடுத்தேன்.

விடுமுறை முடிந்து, மறுநாள் காலை ரயிலுக்கு அவளையும் தோழியையும் ஏற்றிவிடப் போனோம். அவளே ஆப்பில் டிக்கெட் போட்டு, அவளே கோச்சைக் கண்டுபிடித்து, தோழிக்கு ஜன்னலோரம் கொடுத்து உட்கார்ந்தாள். நான் செய்ய ஒன்றும் இல்லை. எலுமிச்சை சாதப் பொட்டலத்தை மட்டும் கொடுத்தேன். ரயில் நகரும்போது தோழிக்கு மேலே குனிந்து எட்டிப் பார்த்து மூக்கின் ஓரத்தைத் தொட்டு, போய் வருகிறேன் என்றாள். நானும் வீடியோவில் கற்றபடி சரியாகப் பதில் சொன்னேன். தொண்டையை நோக்கி என் கை கிளம்பியது. அதைப் புர்காவுக்குள் இழுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னவளே திரும்பக் கேட்கக் கூடாது.

என் கணவர் வண்டி எடுக்க முன்னால் போய்விட்டார். நான் வெளியே வந்தபோது ஆட்டோக்களும் ஆட்களும் ஹாரனும் அறிவிப்புமாக ஒரே இரைச்சல். கத்தினாலும் கேட்காது. கூட்டத்துக்கு அந்தப் பக்கம், வண்டியோடு நின்ற என் கணவர் என்னைப் பார்த்துவிட்டார். தன் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்தார்.

என்னைக் கூப்பிடுகிறார்.

பிறகு இரண்டு கையையும் நீட்டி ஆற்றிக் காட்டினார், டீ குடிப்போமா என்று. நான் மூக்கைப் பிடித்து அவரைக் கூப்பிட்டு, வேண்டாம், வீட்டுக்குப் போவோம் என்று கையாலேயே சொன்னேன். அந்தப் பேச்சைப் பேச இப்போது நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். என்னிடம் வந்து, வாயால் ஒன்றும் கேட்காமல், பொறுமையாகக் கையால் வண்டியைக் காட்டி, போகணுமா என்று சைகை செய்தார். எனக்குக் காது கேக்கும்ண்ணே என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, போய் என் கணவரின் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன்.